பொறுப்பு யாருக்குக் கூறப்படுவது?
ரோஹிங்கியா மக்கள் வழக்குப் பற்றிய ஓர் அறவியல் நோக்கு

அண்மைக்காலத் தமிழிலே வழக்கூன்றிய சொற்களுள் 'பொறுப்புக்கூறல்' என்பதும் ஒன்று. ஆட்சியியலாளரும் சட்டவியலாளரும் அதனை ஓர் ஒற்றைக் கலைச்சொல்லாகவே கையாளுவர். எனினும் அச்சொல்லைப் பிரித்து நோக்குமிடத்து அதனுள் இரு வினைகள் அடங்கியிருத்தலைக் காணலாம். ஒன்று பொறுத்தல், செய்த செயலின் பாரத்தைத் தன்மேற் கொள்ளல். மற்றையது கூறல், அப்பாரம் தன்னதே என வாய்விட்டுச் சொல்லல். பொறுத்தலைத் தனிமையிற் செய்தல் கூடும். கூறலைத் தனிமையிற் செய்தல் இயலாது; கேட்பவர் ஒருவர் வேண்டும். கொடுமைகள் நிகழ்ந்தபின் 'யார் பொறுப்பு' என்னும் வினாவே உரத்து எழுப்பப்படுகின்றது. 'யாருக்குக் கூறுவது' என்னும் வினா பெரும்பாலும் எழுவதில்லை. பாதிக்கப்பட்டவருக்கு என்பது வெளிப்படையன்றோ என எண்ணி அதனைக் கடந்துவிடுவர். மியன்மார் நாட்டின் ரோஹிங்கியா மக்களுக்கு நேர்ந்தவற்றை ஆராயப் புகுவோர் அவ்வாறு கடந்துவிடல் இயலாது. கேட்பவர் இருத்தற்குரிய இடமே அங்கு முதலில் அழிக்கப்பட்டது.

வங்காள விரிகுடாவின் கீழைக்கரையில் அமைந்த அரக்கான் பிரதேசம் இன்று ரக்கைன் மாநிலம் எனப்படுகின்றது. அதன் வடபகுதியிற் பெருந்தொகையாக வாழ்ந்து வந்த முஸ்லிம் மக்களே ரோஹிங்கியர். தனியரசாக விளங்கிய அரக்கான், 1784-85 இல் பர்மிய மன்னன் போதோபயாவின் படைகளால் வெற்றிகொள்ளப்பட்டது. பதினைந்து ஆண்டுகளின் பின், 1799 இல், பிரான்சிஸ் புக்கனன் என்னும் ஸ்கொத்லாந்து மருத்துவர் பர்மியப் பேரரசின் மொழிகள் பற்றி எழுதிய கட்டுரையில், அரக்கானில் நெடுங்காலம் குடியிருக்கும் முஸ்லிம்கள் தம்மை 'ரூயிங்கா' என அழைத்துக் கொள்வதாகக் குறித்துள்ளார். இக்குறிப்பொன்றே வழக்கு முழுவதையும் தீர்த்துவிடும் எனக் கொள்ளல் பொருந்தாது. பிரித்தானியர் ஆட்சிக்காலத்தில் சிற்றகொங் பக்கமிருந்து பெருந்தொகையானோர் அரக்கானின் வயல்களுக்கு வந்து சேர்ந்தமையும் வரலாற்று உண்மையே. ஆயினும் பாட்டன் எந்த ஆண்டில் ஆற்றைக் கடந்தான் என்பதைக் கொண்டு பேரனின் உயிருக்கு விலை குறித்தல் எவ்வகை அறம் என்பதற்கு வரலாற்றாசிரியர் விடைதருதல் இயலாது. அது வரலாற்று வினாவே அன்று.

மியன்மார் அரசோ அதனை வரலாற்று வினாவாகவே ஆக்கிற்று. 1982 ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம், 1823 இற்கு முன்னரே, அஃதாவது பிரித்தானியர் அரக்கானைக் கைப்பற்றுதற்கு முன்னரே, அந்நாட்டிற் குடியிருந்த தேசிய இனங்களைச் சேர்ந்தோரையே முழுப் பிரசைகளாக ஏற்றது. பின்னர் வெளிவந்த 135 தேசிய இனங்களின் பட்டியலில் ரோஹிங்கியரின் பெயர் இல்லை. 1948 இல் நாடு சுதந்திரம் அடைந்தபின் இம்மக்களிடையே இருந்து பாராளுமன்ற உறுப்பினர் தெரிவாகினர். 1961 இல் மயூ எல்லைப்புற மாவட்டம் அமைக்கப்பட்டது. அரச வானொலியில் இவர்தம் மொழியில் ஒலிபரப்பும் நடைபெற்றது. அந்நிலையிலிருந்து பெயரற்ற நிலைக்கு இவர்கள் இறக்கப்பட்டமை ஒரே நாளில் நிகழ்ந்ததன்று. 1978 இன் 'நாகமின்' நடவடிக்கையின்போது இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்டோர் பங்களாதேஷிற்கு ஓடினர். 1991-92 இல் ஏறத்தாழ இரண்டரை இலட்சத்தவர் மீண்டும் ஓடினர். திரும்பி வந்தோருக்கு 1995 முதல் தற்காலிக வெள்ளை அட்டைகள் வழங்கப்பட்டன. அவ்வட்டைகளுடன் 2010 ஆம் ஆண்டுத் தேர்தலில் வாக்களித்தோர், 2015 இல் அவை இரத்துச் செய்யப்பட்டபோது வாக்காளராகவும் இல்லாதொழிந்தனர்.

1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டத்தை அறிந்த இந்நாட்டு வாசகருக்கு, ஒரு மக்கட் கூட்டத்தைச் சட்டத்தின் ஒரு வாசகத்தால் வீட்டிலிருந்தபடியே நாடற்றோராக்கல் எங்ஙனம் இயலும் என விளக்க வேண்டியதில்லை. மலையகத் தமிழரின் கதையும் ரோஹிங்கியரின் கதையும் ஒன்றல்ல. ஆனால் தொடக்கத்தின் இலக்கணம் ஒன்று. தாமும் பல்லாண்டு நாடற்றவராக வாழ்ந்த ஹன்னா அரெண்ட் என்னும் சிந்தனையாளர், மனித உரிமைகள் யாவற்றுக்கும் முந்திய ஓர் உரிமை உண்டெனவும், அது உரிமைகளைப் பெறுதற்கான உரிமை எனவும் 1951 இல் வாதிட்டார். ஓர் அரசின் உறுப்பினர் அல்லாதவனுடைய முறைப்பாட்டைக் கேட்கக் கடமைப்பட்டவர் எவரும் இலர் என்பதே அவர் கண்ட உண்மை. கொலைக்கு முன் முறைப்பாட்டாளர் அழிக்கப்படுகின்றார். அதன்பின் நிகழும் கொலைக்குப் பொறுப்புக்கூற வேண்டிய ஆள் சட்டத்தின் கண்ணிற்கு இல்லாது போய்விடுகின்றது.

2017 ஆகஸ்ட் 25 இல் அரக்கான் ரோஹிங்கியா விடுதலைப்படை என்னும் ஆயுதக்குழு முப்பது வரையான பொலிஸ் காவல்நிலையங்களைத் தாக்கியது. பாதுகாப்புத் துறையினர் பன்னிருவர் இறந்தனர். அக்குழு இந்துக் கிராமத்தவரையும் கொன்றதென சர்வதேச மன்னிப்புச் சபை பின்னர் அறிக்கையிட்டது. இவற்றை மறைத்தல் நேர்மையாகாது. இவற்றுக்கு விடையாக இராணுவம் மேற்கொண்ட 'துப்புரவு நடவடிக்கை'யோ ஏழு இலட்சத்துக்கு மேற்பட்ட மக்களை நாஃப் ஆற்றுக்கு அப்பால் துரத்தியது. மர்சுகி தருஸ்மன் தலைமையில், இலங்கையரான ராதிகா குமாரசுவாமியும் கிறிஸ்தோபர் சிடோட்டியும் இடம்பெற்ற ஐக்கிய நாடுகள் உண்மை கண்டறியும் குழு, கொல்லப்பட்டோர் பத்தாயிரம் பேர் என்பது குறைந்த மதிப்பீடே என 2018 இற் கூறிற்று. குறைந்தது 392 கிராமங்கள் முழுமையாகவோ பகுதியாகவோ அழிக்கப்பட்டிருந்தன. அன்றைய படைத்தளபதி மின் ஆங் ஹ்லைங் உள்ளிட்ட உயர் இராணுவத்தினர் அறுவர் இனப்படுகொலைக் குற்றத்துக்காக விசாரிக்கப்பட வேண்டும் என அக்குழு பெயர் குறித்தே சொன்னது.

இத்தனை ஆயிரங்களுள் மியன்மார் இராணுவம் தானே ஒப்புக்கொண்டு தண்டனையும் வழங்கிய ஒரு நிகழ்ச்சி உண்டு. அது சற்று விரிவாக நோக்கற்பாலது. இன் டின் என்னும் கடலோரக் கிராமத்தில் 2017 செப்டெம்பர் 2 ஆம் நாள் பத்து ரோஹிங்கிய ஆடவர் கட்டப்பட்டு, முழந்தாளிட வைக்கப்பட்டுக் கொல்லப்பட்டு ஒரே குழியிற் புதைக்கப்பட்டனர். அதனைத் துருவி ஆராய்ந்த ரொய்ட்டர்ஸ் நிருபர் இருவர் அவ்வாண்டு டிசெம்பரிற் கைதாகி, அரச இரகசியச் சட்டத்தின்கீழ் ஏழாண்டுச் சிறைத்தண்டனை பெற்றனர். கொன்ற இராணுவத்தினர் எழுவருக்குப் பத்தாண்டுக் கடூழியச் சிறை விதிக்கப்பட்டது. அவ்வெழுவரும் ஓராண்டு நிறையுமுன்னரே விடுவிக்கப்பட்டனர். நிருபர் இருவரும் ஐந்நூறு நாட்களுக்கு மேற் சிறையிலிருந்து 2019 மே மாதத்தில் வெளிவந்தனர். கொலை செய்தவனைவிடக் கொலையைச் சொன்னவன் நீண்டகாலம் சிறையிருந்தான்.

இதனை நீதித்துறையின் சீர்கேடு என்று மட்டுங் கூறி அமைதல் போதாது. தண்டனை ஒன்று வழங்கப்பட்டதன்றோ, அது யாரை நோக்கி வழங்கப்பட்டது என்பதே இங்கு கேட்கத்தக்கது. கொல்லப்பட்ட பதின்மரின் மனைவியரும் பெற்றோரும் அவ்வேளை பங்களாதேஷின் அகதி முகாம்களில் இருந்தனர். நிருபர்கள் காட்டிய நிழற்படத்திலேயே அவர்கள் தம்மவரை அடையாளங் கண்டனர். இராணுவம் வெளியிட்ட அறிக்கை அவர்களை விளிக்கவில்லை. இறந்தவரைப் 'பயங்கரவாதிகள்' என்றே குறித்தது. உலகின் வாயை அடைத்தற்காகப் பொறுப்பு ஒரு கணம் ஏற்கப்பட்டது போலத் தோன்றிற்று. உரியவருக்குக் கூறப்படவில்லை.

பாண்டியன் அவையிற் கண்ணகி நின்ற காட்சியை இவ்விடத்து நினைவுகூரல் பயனுடைத்து. கண்ணகி பாண்டிய நாட்டுக் குடிமகள் அல்லள். சோழநாட்டுப் புகாரிலிருந்து வந்தவள். மதுரையில் அவளுக்கு உற்றார் உறவினர் இலர். எனினும் வாயிற்காவலன் அவள் வரவை உள்ளே அறிவிக்கின்றான். அரசன் அவள் யார் எனக் கேட்கின்றான். அவள் முதலிற் சொல்வது தன் ஊரையும் தன் கணவன் குலத்தையும் தன் பெயரையுமே. சிலம்பு உடைபட்டு மாணிக்கப் பரல் தெறிப்பது அதன் பின்னரே. அரசன் தன் குற்றத்தை உணர்ந்து வீழ்ந்ததைப் பலரும் வியந்து பேசுவர். அவ்வீழ்ச்சிக்கு முன் நிகழ்ந்த எளிய செயலை, அயலாள் ஒருத்தியின் பெயரைக் கேட்டு அவளுக்கு நேர்நின்று விடையிறுத்ததை, எவரும் அவ்வளவாகப் பாராட்டுவதில்லை.

ஹேக் நகரிலுள்ள சர்வதேச நீதிமன்றத்தின் வாயில் இத்தகையதன்று. அங்கு வழக்காளியாக நுழைதற்கு அரசுகளுக்கு மட்டுமே உரிமையுண்டு. நாடற்ற மக்களுக்காக வழக்குரைக்க ஒரு நாடு வேண்டும் என்னும் முரண் இதிலிருந்தே எழுந்தது. அகதிகளின் சுமையை நேரே தாங்கிய பங்களாதேஷ் வழக்குத் தொடுத்திருக்கலாமே எனின், இனப்படுகொலைச் சமவாயத்தின் ஒன்பதாம் உறுப்புரைக்கு, அதாவது சர்வதேச நீதிமன்றத்தின் நியாயாதிக்கத்தை ஏற்கும் உறுப்புரைக்கு, அந்நாடே ஒதுக்கீடு செய்திருந்தது. தன்னை எவரும் வழக்கிற்கு இழுத்தலாகாது என அமைத்த வேலி, தான் வழக்கிற்குச் செல்லும் வழியையும் அடைத்துவிட்டது. இந்நிலையில் 2019 நவம்பர் 11 இல் வழக்குத் தொடுத்தது மேற்கு ஆபிரிக்காவின் சிறிய நாடாகிய காம்பியா. அதன் அன்றைய நீதியமைச்சர் அபுபக்கர் தம்படூ, ருவாண்டா இனப்படுகொலையை விசாரித்த தீர்ப்பாயத்திற் பணியாற்றியவர். 2018 இல் கொக்ஸ் பசார் முகாம்களை நேரிற் சென்று கண்டவர்.

மியன்மார் தரப்பின் மறுப்பு எதிர்பார்க்கத்தக்கதே. காம்பியாவுக்கு இதனால் எத்தீங்கும் நேரவில்லை, பாதிக்கப்படாதவர் வழக்குரைக்கலாகாது, உண்மையான வழக்காளி இஸ்லாமிய ஒத்துழைப்பு அமைப்பே என்று வாதிடப்பட்டது. இவ்வாதத்தின் முற்பகுதியைச் சட்ட நுணுக்கம் எனத் தள்ளிவிடலாகாது. அறவியலிலும் அதற்கு இடமுண்டு. 'உனக்கென்ன' என்னும் வினா தெருச்சண்டை முதற் சர்வதேச மன்றம் வரை ஒலிப்பது. 1966 இல் இந்த வினாவே வென்றது. தென்மேற்கு ஆபிரிக்காவில் நிலவிய நிறவெறி ஆட்சிக்கு எதிராக எத்தியோப்பியாவும் லைபீரியாவும் தொடுத்த வழக்கில் நீதிபதிகள் எழுவருக்கு எழுவராகப் பிரிய, தலைவரின் அறுதியிடும் வாக்கினால், அவ்விரு நாடுகளுக்கும் தம்முடையதான சட்ட உரிமை எதுவும் பாதிக்கப்படவில்லை எனத் தீர்க்கப்பட்டது. நான்கே ஆண்டுகளில், 1970 இல், வேறொரு வழக்கிலே, சில கடப்பாடுகள் உலக சமுதாயம் முழுவதற்கும் உரியன என அதே நீதிமன்றம் சொல்ல நேர்ந்தது. 2022 ஜூலை 22 இல் காம்பியாவின் வழக்குரிமை பதினைந்து நீதிபதிகளால் ஏற்கப்பட்டது, ஒருவரே மாறுபட்டார். 'உனக்கென்ன' என்பதற்கு நீதிமன்றம் அளித்த விடையின் சாரம் இதுவே: இச்சமவாயத்தில் ஒப்பமிட்ட ஒவ்வொரு நாடும் ஏனைய நாடுகள் யாவற்றுக்கும் வாக்களித்துள்ளது. மியன்மார் அவ்வாக்கை அளித்தது 1956 இல்.

காம்பியாவும் இருபத்திரண்டு ஆண்டுகள் கொடுங்கோலாட்சியிற் கிடந்த நாடுதானே, அதற்கு அறம் பேசும் தகுதி யாது என வினவுவோர் உளர். தகுதியை ஒழுக்கத் தூய்மையிலிருந்து பெறுவதாயின் உலகில் வழக்காளி எவரும் இருக்கமாட்டார். கொடுத்த வாக்கை நினைவூட்டுபவர் தாமும் அதே வாக்கைக் கொடுத்தவராயிருத்தல் போதும். அவ்வாறு நினைவூட்டுபவர் தம்மீதும் அவ்வினா திரும்பி வருதலை மறுத்தல் இயலாது என்பதும் இதனுள் அடங்கும். ஐக்கிய நாடுகள் நிறுவனமே தன் மியன்மார்ப் பணி பற்றி கேர்ட் ரொசென்தாலைக் கொண்டு 2019 இல் ஆராய்வித்து, தன்னிடத்துக் கட்டமைப்பு முறையான தவறுகள் இருந்தன என ஒப்பநேர்ந்தது.

ஆயினும் அயலார் வழக்குரைத்தலுக்கு ஒரு விலையுண்டு. அயலாரின் உரிமை சமவாயத்திலிருந்து பிறப்பதால், சமவாயம் எதனைக் குற்றமென்கின்றதோ அதனையே அவர் பேசலாம். ஓர் இனத்தை அழிக்கும் உள்நோக்கம் நிறுவப்பட்டாலன்றி, எரிந்த கிராமமும் வல்லுறவுக்குள்ளான பெண்ணும் அவ்வழக்கின் எல்லைக்குப் புறத்தே நிற்பர். சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்தின் நிலை இன்னும் விசித்திரமானது. மியன்மார் அதன் உறுப்பு நாடன்று. பங்களாதேஷ் உறுப்பு நாடு. நாடுகடத்தல் என்னும் குற்றம் எல்லை கடந்த கணத்திலேயே முற்றுப்பெறுவதால், அதன் ஒரு பகுதி பங்களாதேஷ் மண்ணில் நிகழ்ந்ததெனக் கொண்டு நீதிமன்றம் 2018 இல் நியாயாதிக்கத்தை ஏற்றது. 2019 இல் புலனாய்வுக்கு அனுமதியளித்தது. 2024 நவம்பரில் வழக்குத்தொடுநர் மின் ஆங் ஹ்லைங் மீது பிடியாணை கோரினார். சட்ட அறிவின் கூர்மையை இதில் வியக்கலாம். ஆனால் இதன் பொருளை ஒரு கணம் எண்ணிப் பார்த்தல் வேண்டும். ஆற்றைக் கடந்தவனுக்கு நேர்ந்த தீங்கு வழக்காகின்றது. ஆற்றங்கரையை எட்டுமுன் தன் முற்றத்திலேயே கொல்லப்பட்டவனின் மரணம், தன்னளவில், அந்நீதிமன்றத்தின் கைக்கு எட்டாதது. தப்பியோடியவனே சாட்சியும் வழக்கின் அடிப்படையும் ஆகின்றான், ஓடமுடியாதவன் பின்னணியாகின்றான்.

கேட்பவரின் இடம் இவ்வாறு இருக்க, கூறவேண்டியவரின் இடமும் நிலையாக இல்லை. 2019 டிசெம்பரில் ஹேக்கில் மியன்மாரின் சார்பில் எழுந்து நின்றவர் ஆங் சான் சூ கீ. தம்மைப் பல்லாண்டு வீட்டுக்காவலில் வைத்த இராணுவத்துக்காக அவர் வாதாடினார். அவ்வுரையில் ஆயுதக்குழுவின் பெயரைச் சொன்னபோதன்றி 'ரோஹிங்கியா' என்னும் சொல் அவர் வாயில் வரவில்லை. 2020 ஜனவரி 23 இல் ஒருமனதாக இடைக்கால ஆணை பிறப்பித்த நீதிமன்றமோ, தம்மை ரோஹிங்கியர் என அடையாளப்படுத்தும் மக்களையே அப்பெயராற் குறிப்பதாக விளக்கி, அப்பெயரை எழுதிற்று. ஒருவகையில் அவ்வழக்கின் முதல் வெற்றி அதுவே எனலாம். 2021 பெப்ரவரி முதல் நாள் இராணுவம் ஆட்சியைக் கைப்பற்றி அவரைச் சிறையிலிட்டது. 2022 இல் அதே ஆசனத்தில் இராணுவ அரசின் பிரதிநிதி அமர்ந்தார். 2025 பெப்ரவரியில் ஆர்ஜென்டீன நீதிமன்றம் உலகளாவிய நியாயாதிக்கத்தின்கீழ்ப் பிறப்பித்த பிடியாணைகளில் மின் ஆங் ஹ்லைங்கின் பெயரும் சூ கீயின் பெயரும் அடங்கின. சிறையிட்டவரும் சிறையிருந்தவரும் ஒரே பட்டியலில் இடம்பெற்றனர்.

கார்ல் ஜாஸ்பர்ஸ் 1946 இல் ஜெர்மனியரின் குற்றத்தை ஆராய்ந்தபோது, குற்றவியற் குற்றம், அரசியற் குற்றம், ஒழுக்கக் குற்றம் முதலியவற்றைத் தனித்தனியே பிரித்தார். அப்பிரிவினை சூ கீயின் வழக்கில் வெளிச்சந் தருவது. ஆணையிட்டவருக்கும் ஆணையை மறைத்துப் பேசியவருக்கும் ஒரே தண்டனை என்பது பொருந்தாது. மறைத்துப் பேசியவரிடத்துக் கேட்பதற்கு ஒன்றுமில்லை என்பதும் பொருந்தாது. சதிப்புரட்சியின் பின், அவர்தம் கட்சியினர் பெரும்பான்மையினராக இருந்து அமைத்த தேசிய ஒற்றுமை அரசாங்கம், 2021 ஜூனில் ரோஹிங்கியரை அப்பெயராலேயே விளித்து, 1982 சட்டத்தை நீக்குவதாக வாக்களித்தது. அதிகாரம் இருந்தபோது வராத சொல் அதிகாரம் போனபின் வந்தது. இதனை நயவஞ்சகம் என்று ஒதுக்குவது எளிது. தாமும் வேட்டையாடப்பட்ட பின்னரே மனிதருக்குப் பிறர் பெயர் காதில் விழுகின்றது என்பது கசப்பானதெனினும், விழுந்ததை விழவில்லை எனல் நீதியாகாது.

இதற்கிடையிற் களம் மாறிவிட்டது. 2024 இல், பிரசைகள் அல்லர் எனத் தள்ளப்பட்ட ரோஹிங்கிய இளைஞரையே இராணுவம் கட்டாய ஆட்சேர்ப்பின்கீழ்ப் பிடித்துச் சென்றது. உரிமைக்குப் பிரசை அல்லாதவன் சாவதற்குப் பிரசை ஆயினான். அவ்வாண்டு வட ரக்கைனைக் கைப்பற்றிய அரக்கான் இராணுவத்தின் மீதும் ரோஹிங்கியரைக் கொன்றதாகவும் வீடுகளை எரித்ததாகவும் குற்றச்சாட்டுகள் எழுந்தன. அது ஓர் அரசன்று. அதனை ஹேக்கிற்கு அழைக்கும் சமவாயம் எதுவும் இல்லை.

இலங்கையின் கரைகளுக்கும் இவ்வினா வந்ததுண்டு. 2017 செப்டெம்பரிற் கல்கிசையில் ஐக்கிய நாடுகள் நிறுவனத்தின் பாதுகாப்பிலிருந்த ரோஹிங்கிய அகதிகளின் இல்லத்தைப் பிக்குகள் முன்னின்ற கூட்டமொன்று முற்றுகையிட, அவர்கள் பூசாவுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். 2024 டிசெம்பரில் நூற்றுக்கு மேற்பட்டோரை ஏற்றிய படகொன்று முள்ளிவாய்க்காற் கடற்கரையை அடைந்தது. அவ்வூர் மீனவர் அவர்களுக்கு உணவும் நீரும் கொடுத்தனர். அவர்கள் எந்த மொழியிற் பேசினர் என்பது அம்மீனவருக்கு விளங்கியிராது.

2020 ஆம் ஆண்டின் இடைக்கால ஆணை, சான்றுகளைப் பேணுமாறும், எடுத்த நடவடிக்கைகளை முதலில் நான்கு மாதத்திலும் பின்னர் ஆறு மாதத்துக்கொரு முறையும் நீதிமன்றத்துக்கு அறிவிக்குமாறும் மியன்மாரைப் பணித்தது. அறிக்கைகள் சென்றன. ஆண்டுகள் பல அவை பகிரங்கப்படுத்தப்படாமலே இருந்தன. 2026 ஜனவரியில் மூல வழக்கின் விசாரணை நடைபெற்றபோது, சாட்சிகள் கேட்கப்பட்ட அமர்வுகள் பொதுமக்களுக்கு மூடப்பட்டிருந்தன. சாட்சிகளின் பாதுகாப்பை எண்ணின் அது வேண்டியதே. ஆயினும் இரண்டையும் சேர்த்து நோக்கின், அரசு கூறியதை மக்கள் படிக்கவில்லை, மக்கள் கூறியதை மக்கள் கேட்கவில்லை என்னும் நிலையே எஞ்சுகின்றது.

முகாம்களில் வேறொரு கணக்கு எழுதப்பட்டு வந்தது. 2017 இல் ஆற்றைக் கடந்து வந்த மொஹிப் உல்லா என்பவரும் அவர்தம் தோழரும் குடிசை குடிசையாகச் சென்று, இறந்தோரின் பெயர், வயது, தந்தை பெயர், ஊர், கொல்லப்பட்ட விதம் என்பவற்றைக் கையெழுத்திற் பதிந்தனர். எந்த நீதிமன்றமும் அதனைக் கேட்கவில்லை. எவரும் பணம் கொடுக்கவில்லை. பட்டியலின் ஆயிரக்கணக்கான வரிகளுள் ஒவ்வொன்றும் உறவினர் ஒருவர் சொல்ல, எழுதத் தெரிந்த அகதி ஒருவர் எழுதியது. 2019 இல் மொஹிப் உல்லா ஜெனீவாவில் மனித உரிமைகள் பேரவையின் முன் பேசினார். 2021 செப்டெம்பர் 29 இரவு, குட்டுப்பாலோங் முகாமில் தம் அலுவலகத்தில் இருந்தபோது ஆயுததாரிகளாற் சுட்டுக்கொல்லப்பட்டார்.